ஒரு குடம் தண்ணீரில் ஒரு மாத்திரை

எல்லோருக்கும் வணக்கம். கழிவுநீரில் கலந்துவிடும் ஆன்ட்டிபயாடிக் மருந்துகளை ஓசோனால் நீக்குவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் என்று போனால் டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுப்பார், இங்கே இருக்கிற பலர் அதைப் போட்டிருப்பீர்கள். விழுங்கிய மருந்தில் கிட்டத்தட்ட பாதி எந்த மாற்றமும் இல்லாமல், மருந்தாகவே, சிறுநீரில் வெளியே வந்துவிடும். அமாக்சிசிலின் என்றால் பாதிக்கும் மேல். அப்புறம் அது சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, ஆனால் அங்கே இருக்கும் தொட்டிகள் மருந்துக்காகக் கட்டியவை அல்ல.

ஏரேஷன் தொட்டியில் காற்றடித்து பாக்டீரியாவை வளர்க்கிறோம். மலம், சோப்பு, சமையலறைக் கழிவு எல்லாவற்றையும் அது தின்றுவிடும். சிப்ரோஃப்ளாக்சசினைத் தின்னாது. பெரும்பகுதி அடியில் படியும் கசடான ஸ்லட்ஜில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் வெளியேறும் நீரோடு போகும். சல்ஃபாமெத்தாக்சசோல் போன்ற வேறு ஆன்ட்டிபயாடிக்குகளில் ஒரு பங்கு நேராகவே கடந்துபோய்விடும். மருந்தும் பாக்டீரியாவும் இப்படி நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில், மருந்துக்குச் சாகாத பாக்டீரியா தன் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு இனத்துக்குக் கொடுத்துவிட முடியும். மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022இல் லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. அதற்கான காரணங்களில் தண்ணீரும் ஒன்று.

இதன் உச்சத்தைப் பார்க்க ஹைதராபாத் பக்கம் படான்செருவுக்குப் போக வேண்டும். அங்கே ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் குழு, சுத்திகரித்து வெளியே விடும் நீரைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். நம் வீட்டுக் குடம் ஒன்றில் சுமார் 16 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெருக்கினால் 496 மில்லிகிராம் வருகிறது. அதாவது ஒரு குடத்துக்கு ஒரு முழு மாத்திரை! ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 கிலோ என்று கணக்கிட்டார்கள், 90,000 மாத்திரைக்குச் சமம். அப்போது 90 லட்சம் பேர் இருந்த ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் பயன்படுத்தும் அளவு அது. எதிர்ப்பு உருவாகாமல் இருக்க லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு வரம்பு சொன்னார்கள், படான்செரு நீர் அதைப்போல ஐந்து லட்சம் மடங்குக்குப் பக்கம். என்னைத் தூங்கவிடாத விஷயம் இன்னொன்று. பாக்டீரியா நன்றாக வளரட்டும் என்று அந்த ஆலைக் கழிவோடு வீட்டுச் சாக்கடையையும் கலந்தார்கள். மனிதக் குடலில் இருந்து வரும் கிருமிகளையும் அந்த மருந்துக் குளத்தையும் நாமே ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

சரி, ஓசோனுக்கு வருகிறேன். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. 1840இல் பாசல் நகரத்தில் ஷோன்பைன் இதை அடையாளம் கண்டு, மணக்கிறது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றால் வருமே ஒரு வாடை, அதேதான். சிலிண்டரில் அடைத்து வாங்கி வைக்க முடியாது, நிலைத்து நிற்காத வாயு என்பதால் தேவைப்படும் இடத்திலேயே ஆக்சிஜனை உயர் மின்னழுத்தத்தில் செலுத்தித் தயாரிக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அடியில் டிஃப்யூசர் கல், அதிலிருந்து ஓசோன் பொடிப்பொடிக் குமிழாக மேலே ஏறும்போது தண்ணீரே பால் கலந்த மாதிரி வெளுத்துத் தெரியும். கரையாமல் மிஞ்சும் ஓசோன், மேலே பொட்டாசியம் அயோடைடு கரைசல் உள்ள குடுவைக்குள் போகும். அந்தக் கரைசல் நிறமற்றது, ஓசோன் பட்டால் மஞ்சளாகி, பிறகு கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிடும். ஒழுங்காகச் சுத்திகரித்த நீரைப் போட்டால் சில நிமிடத்தில் குடுவை மஞ்சளாகும், நீரின் பழுப்பும் போயிருக்கும். ஒருமுறை ஒரு மருத்துவமனையின் எஸ்.டி.பி.யிலிருந்து, அதாவது அவர்களுடைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, சாம்பிள் வந்தது. ஓசோனை விட்டுக்கொண்டே இருக்கிறோம், குடுவை நிறமே மாறாமல் நிற்கிறது. விசாரித்தால், கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க தொட்டிக்குக் காற்றடிக்கும் ப்ளோயரை இரவில் நிறுத்திவிடுகிறார்களாம். தின்னப்படாமல் கிடந்த அழுக்கு அத்தனை ஓசோனையும் குடித்துவிட்டது, மருந்தைத் தொட ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்று நான் சொல்ல வந்ததே இதுதான், ஓசோன் கடைசிப் படி, அதை முதல் படியாக வைத்தால் பணமும் போகும், மருந்தும் நீரிலேயே தங்கிவிடும்.

கடைசிப் படியாக வைத்தால் அது செய்யும் வேலை அபாரம். மருந்து மூலக்கூறைத் துண்டுதுண்டாக எரித்துச் சாம்பலாக்குவதில்லை. எலக்ட்ரான் செறிந்த இடமாகப் பார்த்து, அதாவது அமீன், கந்தகம், இரட்டைப் பிணைப்பு என்று தேடித் தாக்கும். சாவியில் ஒரு பல்லை உடைத்தால் பூட்டு திறக்காது அல்லவா, அந்த மாதிரி பெரும்பாலான ஆன்ட்டிபயாடிக்குகள் அந்தச் சின்ன உடைப்பிலேயே கிருமியைத் தாக்கும் சக்தியை இழந்துவிடும். பென்சிலின் ஜி, செஃபலெக்சின் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. கந்தகத்தில் ஆக்சிஜன் ஒட்டிய பிறகும் அவற்றுக்குச் சிறிது வீரியம் இருக்கிறது என்று மைக்கேல் டாட், ஊர்ஸ் ஃபான் குன்டன் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அங்கேதான் ஹைட்ராக்சில் ரேடிக்கல் கைகொடுக்கிறது, ஓசோன் நீரில் சிதையும்போது பிறந்து, கிடைத்ததையெல்லாம் தாக்கும் துகள் அது. ஓசோனோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் அது அதிகம் உருவாகும், அதைத்தான் மேம்பட்ட ஓசோன் முறை என்கிறார்கள். ஊர்ச் சாக்கடை நீரில் இருக்கும் கரிமப் பொருளே ஓசோனோடு சேர்ந்து இந்த ரேடிக்கலை உண்டாக்கிவிடும் என்பதால், அங்கே பெராக்சைடு சேர்ப்பதில் பெரிய லாபம் இல்லை. விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஸ்விட்சர்லாந்தில் டூபென்டார்ஃப் நகரின் நொய்கூட் நிலையத்தில் 2014 முதல் முழு அளவில் ஓசோன் ஓடுகிறது. 2016இல் சட்டமே வந்தது. நாட்டில் உள்ள 700க்கும் மேற்பட்ட நிலையங்களில் முக்கியமான நூற்றுக்கு மேற்பட்டவற்றை மேம்படுத்த வேண்டும், குறியீடாக வைத்த பொருட்களில் 80 சதவீதம் நீங்க வேண்டும். அந்தப் பட்டியலில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்ட்டிபயாடிக்கும் உண்டு. செலவுக்கு ஆளுக்கு வருடம் 9 ஃபிராங்க் வரை வசூலிக்கிறார்கள்.

கணக்கும் எளிதுதான். நீரில் கரைந்திருக்கும் ஒரு கிராம் கரிமத்துக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் ஓசோன் வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த நீரில் ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் கரிமம் இருந்தால் 3 கிராம் ஓசோன் போதும். ஒரு கிலோ ஓசோன் தயாரிக்க சுமார் 10 யூனிட் மின்சாரம் என்று வைத்தால் இதற்கு 0.03 யூனிட். இதுவே மருந்து ஆலையின் கலப்புக் கழிவில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கரிமம் இருந்தால்? 6 யூனிட், இருநூறு மடங்கு. அதனால் ஆலைக்குள்ளேயே, மற்ற நீரோடு கலக்கும் முன்பே, செறிவான மதர் லிக்கரை, அதாவது மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் திரவத்தை, தனிக் குழாயில் பிரிக்க வேண்டும். பென்சிலின் வகை என்றால் காரத்தில் வைத்தாலே அதன் வளையம் உடைந்துவிடும், மற்றதை வற்றவைத்து எரித்துவிடலாம். ஓசோனுக்கு மிஞ்ச வேண்டியது கொஞ்சம்தான்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் ஆக்கும், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல்நீர் கசியும் சாக்கடை உள்ள கடலோர நகரங்கள் முதலில் இதைச் சோதிக்க வேண்டும், அதிகம் இருந்தால் கார்பன் வடிகட்டிப் பக்கம் போவதே நல்லது. ஓசோனுக்குப் பிறகு மணல் வடிகட்டி கட்டாயம், உடைந்த துண்டுகளைத் தின்ன அங்கே பாக்டீரியா வேண்டும். இன்னொன்று, குறைந்த அளவு ஓசோனில் கிருமி செத்தாலும் அதன் உள்ளே இருக்கும் எதிர்ப்பு மரபணு உடையாமல் மிஞ்சலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த உத்தரவின்படி பெரிய நகரங்கள் 2045க்குள் மருந்து போன்ற நுண்மாசுகளை நீக்கும் இந்த நான்காம் கட்டச் சுத்திகரிப்பைச் செய்தாக வேண்டும், அதில் குறைந்தது 80 சதவீதச் செலவை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும். இந்தியாவில் 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் 121 ஆன்ட்டிபயாடிக்குகளுக்கு, ஆலைக் கழிவில் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு இருந்தது. உலகிலேயே அப்படி ஒரு முயற்சியை எடுத்த முதல் நாடு என்று நான் பெருமையாக வகுப்பில் சொன்னேன். 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இல்லை. வரம்பு இல்லாத இடத்தில் எந்த ஆலையும் தன் செலவில் மதர் லிக்கருக்குத் தனிக் குழாய் போடாது. அந்த 121 வரம்புகளும் சட்டத்தில் திரும்ப வர வேண்டும். இங்கே வந்திருக்கும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை நண்பர்களிடம் நான் கேட்பது அதைத்தான்.