கர்ணனுக்கு அழுத அம்மம்மா

வணக்கம் நேயர்களே. நல்லவன், கெட்டவன் என்று பிரிக்க முடியாத பாத்திரங்கள் கதைகளில் ஏன் எங்களைப் பிடித்துவைக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது என் அம்மம்மாதான்.

இலங்கையின் கிழக்கில் இருக்கிற பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் தீமிதித் திருவிழாவான தீப்பள்ளயத்தை அவ ஒரு வருசமும் விட்டதில்லை. அந்த நாட்களில் வீட்டில் மீன் வாசமே இராது. அப்படிப்பட்டவ, விடிய விடிய நடந்த ஒரு வடமோடிக் கூத்தில், அதாவது எங்கள் பக்கத்தில் ஆடிப் பாடி நடிக்கிற நாடகத்தில், கர்ணன் களரி என்கிற ஆடுகளத்தில் சாய்ந்தபோது சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

"அம்மம்மா, சபையில அம்மன்ட துகில உரியச் சொன்னது இவன்தானே?"

"ஓம் மனே, இவன்தான். பாவி" என்றா. அழுகை நிற்கவில்லை.

இரண்டையும் அவவால் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடிந்தது. கர்ணனை அவ மன்னிக்கவில்லை, மறக்கவுமில்லை. இன்றைக்குச் சில கதைகளில் வில்லனுக்கு ஒரு சோகமான சிறுவயதைக் கொடுத்துவிட்டு, இவன் ஆழமான பாத்திரம் என்கிறார்கள். எனக்கு அது சலுகை விலையில் வாங்கிய இரக்கமாகத்தான் படுகிறது. தேரோட்டி வீட்டில் வளர்ந்து பட்ட அவமானம் மட்டும் கர்ணனைக் கர்ணனாக்கவில்லை. போருக்கு முன் குந்தி வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எதிரே நிற்பவர்கள் தம்பிமார் என்று அவனுக்குத் தெரியும். அருச்சுனனைத் தவிர மற்றவர்களைக் கொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறான். ஆனாலும் துரியோதனனை விட்டு வரமாட்டேன் என்கிறான். செஞ்சோற்றுக் கடன். எல்லாம் தெரிந்தே நிற்கிறவனைப் பார்க்கும்போதுதான், அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி வருகிறது.

எங்கள் கூத்துக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. களரிக்குள் நுழையும்போது தருமருக்கு வரவு என்கிற அறிமுக ஆட்டம் உண்டென்றால் துரியோதனனுக்கும் உண்டு. அவனும் கிரீடம் வைத்து, கரப்புடுப்பு என்கிற கூத்து உடையைக் கட்டி, சதங்கை குலுங்க, தன் பெருமையைப் பாடி ஆடித்தான் களரிக்குள் வருவான். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் அவனுக்கென்று மத்தளத்தைக் குறைத்து அடிக்கமாட்டார். வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் முகம் காட்டி ஆடவும் முடியாது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுபோனபோது எடுத்த கதைகளில் கர்ணனும் இராவணனும் இருந்தார்கள். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அன்று விடிந்தபின், கர்ணன் அரைவாசி அழிந்த அரிதாரத்தோடு வேலியோரம் குந்தியிருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வெள்ளாமை செய்கிறவர். அம்மம்மா அவரிடம் போய் வெற்றிலை நீட்டினா.

"துகில உரியச் சொன்னது நீதானேடா?"

"ஓம் ஆச்சி."

"மறுகா என்னத்துக்கு என்னை அழவெச்ச?"

அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.