டாங்கிக்குள் நான்கு பேர்

வணக்கம் நேயர்களே. டிசம்பர் 16 என்றால் இந்தியா-பாகிஸ்தான் போரில் டாக்கா சரணடைந்த நாள். 1971-இல் அந்தச் செய்தியை வானொலியில் கேட்டவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். அன்றைக்கே மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுக்கு அப்பால் ஜர்பால் என்ற இடத்தில் பெரிய டாங்கிச் சண்டை நடந்தது. அதில் உயிர் விட்டவர் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேதர்பால். வயது 21. போர் வீரத்துக்கு நம் நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா அவர் இறந்த பிறகு வழங்கப்பட்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். அகமத்நகரில் பயிற்சியில் இருந்தவரைப் போர் வருகிறது என்று திரும்ப அழைத்தார்கள். டெல்லியில் வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது கோல்ப் மட்டைகளையும் விருந்துக்குப் போடும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்தாராம். எதற்கடா இதெல்லாம் என்றால், லாகூரில் கோல்ப் ஆடுவேன், வெற்றி விருந்துக்குச் சீருடை வேண்டாமா என்றாராம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வயதில் இப்படித்தான் பேசுவார்கள், இல்லையா?

சரி, சண்டைக்கு வருகிறேன். பக்கத்து ஸ்குவாட்ரனை, அதாவது அதே படைப்பிரிவின் இன்னொரு டாங்கி அணியை, எதிரி டாங்கிகள் நெருக்குகின்றன, உதவி வேண்டும் என்று ரேடியோவில் குரல் வருகிறது. அருண் தன் டாங்கிகளோடு போகிறார். அவருடைய செஞ்சூரியன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடிக்கிறது. வெளியே வந்துவிடு என்று மேலதிகாரி உத்தரவிடுகிறார். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கியை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் ஒரு குறை. கதை சொல்பவர்கள் எல்லோரும் அருண் சுட்டார், அருண் அழித்தார் என்றே சொல்கிறார்கள். டாங்கியை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் குறி பார்த்துச் சுட, மூன்றாமவர் குண்டு நிரப்பி ரேடியோவைப் பார்த்துக்கொள்ள, நான்காமவர் கட்டளை இடுவார். 'விட மாட்டேன்' என்று அருண் சொன்னபோது எரிகிற இரும்புக்குள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டியவர் பிரயாக் சிங், சுட்டவர் நாத்து சிங், ரேடியோக்காரர் நந்த் சிங். நந்த் சிங்கும் அன்று உயிர் விட்டார். மற்ற இருவரும் பிழைத்தார்கள். இந்த மூன்று பெயரையும் பேசப் போகும் பள்ளிகளில் எல்லாம் பிள்ளைகளைத் திரும்பச் சொல்ல வைப்பேன். நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்: பிரயாக் சிங், நாத்து சிங், நந்த் சிங். அருணின் வீரம் இதனால் குறைந்து போகாது. அவர் அதிகாரி, முடிவு அவருடையது, விருதும் நியாயமானது. நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய போர் நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறோம், சுண்டல் சாப்பிடுகிறோம். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போய்த் திரும்பாதவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். அப்புறம் என்று வைத்திருந்த கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் அருணின் தந்தை, ஓய்வு பெற்ற பிரிகேடியர், தான் பிறந்த ஊரைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்து உபசரித்தவர் அந்த நாட்டு பிரிகேடியர் நாசர். கிளம்புவதற்கு முந்தின இரவு, உங்கள் மகனைச் சுட்ட டாங்கியில் இருந்தது நான்தான் என்று அவரே சொன்னார். மகனின் வீரத்தையும் மெச்சினார். தந்தை என்ன பதில் சொன்னார் என்பதற்கே தனியாக ஓர் உரை வேண்டும். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.