ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வாக்கியங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என்னிடம் புவியியல் படித்து அதை மறந்தும்விட்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பாதிப் பேர் எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிருப்பீர்கள். பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்கள், முகூர்த்த நாளாகையால் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு பால்காய்ப்பு எல்லாவற்றுக்கும் தலையைக் காட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். துணை வட்டாட்சியர் ஐயா ஞாயிற்றுக்கிழமை ஓய்வை நமக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் மழைப் பதிவேட்டைப் பற்றிப் பேசுவேன் என்று தெரிந்தே வந்திருக்கிறார், அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களிடம் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது, அதனால் அவரைப் புகழ்வதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பந்தல், மைக், சுக்குக் காப்பி மூன்றும் வர்த்தகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சியின் உபயம். நூலகர் தம்பி எனக்கு இப்போது போர்த்திய துண்டு போன வருஷம் நான் அவருக்குப் போர்த்தியது. பரவாயில்லை, துவைத்து வைத்திருக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மண்டல வானிலை மையம் தகவலை எப்படித் திரட்டுகிறது, எப்படிப் பகிர்கிறது என்பது. ஐந்து பகுதியாகப் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று, சென்னை மையத்தின் வரலாறு. இரண்டு, தரையில் அளப்பது. மூன்று, பலூன், ரேடார், செயற்கைக்கோள். நான்கு, அளந்தது உலகம் சுற்றி வரும் கதை. ஐந்து, பருவநிலை மாற்றம். தலைவர் முப்பது நிமிஷம் என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். என்னிடம் படித்தவர்கள் அங்கங்கே சிரிப்பது தெரிகிறது. வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், இன்றைக்கும் சொல்வேன். ஆற்றில் போடுவது நம் கைவேலை. வானம் ஆற்றில் போடுவதை யார் அளக்கிறார்கள்? அதுதான் இன்றைய பேச்சு.

டி.வி.யில் 'சென்னை வானிலை ஆய்வு மையம்' என்று கேட்கிறோமே, அது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. ரமணன் ஐயா திரையில் வந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவு உண்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த காலம் நினைவிருக்கும். இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. 1864இல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலும் அதற்குப் பிறகு வந்த மழைப் பொய்ப்பும்தான் அப்படி ஒரு துறை வேண்டும் என்று வெள்ளைக்காரனை யோசிக்க வைத்தன. ஆனால் நுங்கம்பாக்கத்துக்கு அதைவிட வயது அதிகம். 1792இலேயே அங்கே வானாய்வுக் கூடம் கட்டிவிட்டார்கள். நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம். அங்கேயே 1796 முதல் வெயிலையும் மழையையும் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் ஒன்று இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் தி.நகரில் செலவழிக்கும் நேரத்தில் கொஞ்சம் அதற்கும் ஒதுக்குங்கள். நாட்டில் இப்படி ஆறு மண்டல மையங்கள். சென்னையின் கணக்கில் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு எல்லாம் வரும். வரலாறு இவ்வளவு போதும்.

சரி, தரைக்கு வருவோம். மழை அளப்பதைப் போல எளிய விஞ்ஞானம் வேறு கிடையாது. வாய் அகன்ற ஒரு புனல், அடியில் ஒரு குப்பி, அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. முன்பு துத்தநாகத் தகட்டில் வந்தது, இப்போது கண்ணாடியிழை. புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 200 மில்லி தண்ணீர் சேரும். காலை 8.30க்கு எடுத்து அளந்து, எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். ஏன் 8.30? கிரீன்விச்சில் அப்போது அதிகாலை 3 மணி. உலகம் முழுக்க ஒரே நொடியில் பார்த்தால்தான் படம் சரியாக வரும். அதனால் '18ஆம் தேதி மழை' என்று பேப்பரில் வருவது 17ஆம் தேதி காலை 8.30லிருந்து 18ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. டீக்கடையில் இதை வைத்தே எத்தனை சண்டை!

எளிய வேலைதான், ஆனால் இடம் சரியாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி மழைமானி நிற்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு கதை வருகிறது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். துணை வட்டாட்சியர் ஐயா நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம், அவருடைய அலுவலகம் இல்லை.

அந்த அலுவலகத்தின் பின்பக்கம் வெட்டவெளியில் மழைமானி இருந்தது. சுற்றிக் கம்பி வேலி, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த நாலு கல். ஒரு நாள் ஒரு பெரிய மனிதர் மரம் நட வந்தார். குழியை வேறொரு மூலையில்தான் தோண்டி வைத்திருந்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் பார்த்தார், அந்த மூலையில் பழைய ஜீப் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, படம் நன்றாக வராது. 'இங்கே வேலியெல்லாம் பளிச்சென்று இருக்கே, இங்கே நடுங்க' என்றார். மழைமானிக்கு நாலடி தள்ளி அவசரமாக ஒரு குழி, அதில் ஒரு வேப்பங்கன்று, பக்கத்தில் பெயர் பொறித்த ஒரு கல். கன்று பட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அலுவலக உதவியாளர் அண்ணாச்சி தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். வேம்பு செழித்தது. சில வருஷத்தில் மாடிக்கு மேலே போய்விட்டது.

அதே காலத்தில் அந்த ஊர்ப் பதிவேட்டில் மழை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. ஊரில் ஒரே கவலை. மலையை வெட்டிவிட்டார்கள், குளத்தைத் தூர்த்துவிட்டார்கள், சாமிக்குக் கொடை சரியாகக் கொடுக்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம். ஒரு கருத்தரங்கே நடந்தது, நானும் போயிருந்தேன். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் திரையில் வரைபடம் போட்டார். சிவப்புக் கோடு மேலிருந்து கீழே சறுக்கு மாதிரி இறங்குகிறது. 'இன்னும் இருபது வருஷத்தில் இங்கே மழையே இருக்காது' என்றார். கூட்டம் உறைந்துவிட்டது. கடைசி வரிசையில் காப்பி டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் அண்ணாச்சி என் பக்கமாகக் குனிந்து, 'வாத்தியாரய்யா, மழைலாம் குறையலே. வேம்பு வளந்துட்டு' என்றார்.

கதை அங்கே முடியவில்லை. மரத்தை வெட்டலாமா என்றால் பெயர்க்கல் நிற்கிறது, யாருக்கும் துணிச்சல் இல்லை. மழைமானியை நகர்த்தலாமா என்று மேலே எழுதினார்கள். 'மரம் நட அனுமதி கொடுத்தது யார்' என்று விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. அது இரண்டு மூன்று முறை மேலேயும் கீழேயும் போய்வந்த பிறகு ஒருவழியாக மழைமானி வெட்டவெளிக்குப் போனது. அடுத்த வருஷமே பதிவேட்டில் மழை ஏறிவிட்டது. உடனே ஒரு மலரில் கட்டுரை வந்தது, 'மரம் நட்டதால் மழை பெருகிய ஊர்' என்று! அளந்து போடு என்றால் அளவுகோலையும் பார்த்துப் போடு என்று அர்த்தம், ஐயா.

சிரித்தது போதும். இந்தக் கணக்கில் பணம் இருக்கிறது. ஒரு வட்டாரத்தை வறட்சி பாதித்தது என்று அறிவிக்க முதலில் பார்ப்பது மழைக் குறைவைத்தான். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் மழைமானி சொன்னதுதான் தீர்ப்பு. நம் வயலில் பெய்ததை நாலு ஊர் தள்ளி நிற்கிற மானி எப்படிச் சொல்லும்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் பெய்த பேய்மழையை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மின்சார ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். ஒரு மானியை மட்டும் நம்பியிருந்தால் 20 செ.மீ. மழை கணக்கிலேயே வந்திருக்காது.

நம் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18. இந்தப் பந்தலுக்கு எதிரே இருக்கிற கடைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் போனாலே வானிலைத் துறை 'அதி கனமழை' என்று சொல்லிவிடும், அதற்கு மேல் ஒரு பெயரே வைக்கவில்லை. 95 செ.மீ. என்றால் நான் சொன்ன அந்தச் சின்னப் புனலில் 19 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 88 ஆயிரம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏழு.

இந்த மூன்று எண்களும் நமக்குத் தெரியும். நடுவில் இருக்கிற கிராமங்களில் எவ்வளவு பெய்தது? தாமிரபரணி எங்கிருந்து எவ்வளவு வாங்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தது? அளந்தால்தானே சொல்ல முடியும். ஆற்றில் போட்டதும் வானம், அளக்காமல் விட்டது நாம்.

கேரளத்தைப் பாருங்கள். வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் என்று ஒரு தனியார் அமைப்பு, உள்ளூர்க்காரர்களைக் கொண்டே மாவட்டம் முழுக்க மழைமானி வைத்திருக்கிறது. தினமும் அளந்து சொல்கிறவர்களில் விவசாயிகள் உண்டு, தோட்டக்காரர்கள் உண்டு. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை சரிந்ததே, அதற்கு முந்தைய இரண்டு நாளில் பக்கத்துப் புத்துமலை மானியில் 57 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. ஆபத்து என்று முதல் நாளே மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னார்கள். சொன்னதைக் கேட்டு நடப்பது வேறு விஷயம், ஆனால் சொல்ல அவர்கள் கையில் ஒரு எண் இருந்தது. மீனச்சில் ஆற்றங்கரையிலும் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழை அளந்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். மேலே எவ்வளவு பெய்தது என்று கீழே இருப்பவனுக்கு வெள்ளம் வருமுன் தெரிகிறது.

மூன்றாவது பகுதியைத் தொட்டுவிட்டுப் போகிறேன். மீனம்பாக்கத்திலிருந்து காலை 5.30, மாலை 5.30 வாக்கில் ஒரு பலூன் கிளம்பும். அதில் கட்டிய சின்னப் பெட்டி 25, 30 கிலோமீட்டர் உயரம் வரை வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் சொல்லிக்கொண்டே போய் வெடிக்கும். ரேடார் சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் சுற்றுகிறது, காரைக்காலிலும் ஒன்று உண்டு. செயற்கைக்கோளைப் பற்றிப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நான்காவதில் ஒன்றே ஒன்று. அளந்ததை வாக்கியமாக எழுதி அனுப்பமாட்டார்கள், ஐந்து ஐந்து இலக்கமாக அனுப்புவார்கள். மீனம்பாக்கம் என்று எழுதமாட்டார்கள், 43279 என்று எழுதுவார்கள். 10312 என்று ஒரு எண் வந்தால் முதல் 1 வெப்பநிலை, அடுத்த சுழி 'பூஜ்யத்துக்கு மேலே', மிச்சம் 31.2 டிகிரி. மைனஸில் போனால் சுழிக்குப் பதில் 1 போட வேண்டும். நம் பக்கம் அந்த வேலையே கிடையாது, ஊட்டிக்காரர்களுக்கு எப்போதாவது வாய்க்கும். இந்த எண்கள் சென்னைக்குப் போய், டெல்லிக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுவதும் போகின்றன. ஜப்பான்காரன் கணினியில் போடும் கணக்கில் நம் மழையும் சேர்கிறது. அவனுக்குப் போகிற எண் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை என்பதுதான் என் ஆத்திரம். அறிக்கை தமிழில் வருகிறது, மீனவர்களுக்கு எச்சரிக்கை வருகிறது, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் செல்போனிலேயே வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவையெல்லாம் மாவட்டத்துக்கு. நம் தெருவுக்கு?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பருவநிலை மாற்றத்தை அடுத்த ஆண்டு விழாவில் வைத்துக்கொள்ளலாம். அளவே இல்லாமல் மாற்றத்தைப் பேசி என்ன செய்ய?

ஆகவே என் கோரிக்கை. பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இரண்டு வார்டுக்கு ஒரு மழைமானி, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. தினமும் காலை 9 மணிக்கு நேற்றைய மழை, இந்த மாதம் இதுவரை எவ்வளவு என்று இரண்டு வரி. அரசாங்கத்தின் அங்கீகாரம் பிறகு வரட்டும், நமக்குத் தெரிய நமக்கு அங்கீகாரம் எதற்கு? துணை வட்டாட்சியர் ஐயாவிடம் கேட்பது, பழைய மழைப் பதிவேடுகளைப் படம் பிடித்து நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்க அனுமதி. தலைமையாசிரியை அம்மா அவர்களிடம் கேட்பது, பள்ளி மைதானத்தில் கொடிக்கம்பத்துக்கு மேற்கே பத்தடிக்குப் பத்தடி இடம். போன வாரம் நானே நடந்து பார்த்துவிட்டேன், மதில் போதிய தூரத்தில் இருக்கிறது, மரம் இல்லை. தயவுசெய்து யாரும் அங்கே மரம் நட வேண்டாம். முதல் மானியின் விலையை வர்த்தகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி ஏற்றுக்கொள்வதாக இப்போதுதான் காதில் சொன்னார், சபையறிய நானும் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது.

தீர்மானத்தை நூலகர் தம்பி வாசிப்பார். கையெழுத்து நோட்டு அவர் மேசையில் இருக்கிறது. பேனா கட்டிப் போட்டிருக்கிறது. சுக்குக் காப்பி அதற்கு அடுத்த மேசையில்.