'எத்னிக்' என்று எழுதிய பலகை

அவையோருக்கு வணக்கம்.

போன தீபாவளிக்கு ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பேன்ட்டும் சட்டையும் தொங்கிய இடத்தில் 'ஆண்கள் ஆடை' என்று பலகை. வேட்டி அடுக்கியிருந்த மூலையில் 'எத்னிக் வேர்'. அங்கே ஒரு பெரியவர் எட்டு முழ வேட்டியைப் பிரித்து, கரையைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டியிருந்ததும் வேட்டிதான். அந்தப் பலகை என்னை உறுத்தியது.

எத்னிக் என்றால் என்ன? மொழி, வழக்கம், முன்னோர் மரபு இவற்றால் ஒன்றுபட்ட மக்கள் கூட்டத்தைச் சார்ந்தது என்பது அகராதிப் பொருள். அப்படியானால் ஆங்கிலேயருக்கும் அது பொருந்த வேண்டும். வழக்கில் பொருந்துவதில்லை. லண்டனில் 'எத்னிக் உணவு' என்றால் நம் சாப்பாடு, தாய்லாந்துச் சாப்பாடு; பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கிற கடையை யாரும் அப்படி அழைப்பதில்லை.

இந்தக் கோணல் இன்று நேற்று வந்ததல்ல. 'எத்னோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூட்டம் என்றுதான் பொருள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் தேனீக் கூட்டத்தையே அப்படிச் சொல்கிறார். நாம் வண்டினம், ஆனினம் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே வழக்கு! எனக்கு இது பெரிய வியப்பு. பிறகு யூதர்களின் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், யூதரல்லாத பிற மக்களைக் குறிக்க அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்த 'எத்னிக்', பல நூற்றாண்டுகள் 'புறச்சமயத்தார்' என்றே பொருள்பட்டது. மக்களினம் சார்ந்த என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஆனாலும் 'வெளியே நிற்பவர்' என்ற பழைய வாடை போகவில்லை.

நேராகப் பயன்படுத்தவும் முடியும். பிரிட்டனின் 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக 'எத்னிக் குழு' எது என்று எல்லோரையும் கேட்டார்கள். 'வெள்ளையர்' என்பதும் அங்கே ஒரு விடை. இலங்கையின் 'இனப் பிரச்சினை' என்னும்போதும் சிங்களவர், தமிழர் இருவருமே இனம்தான். இந்த இடங்களில் 'இன' என்று தயங்காமல் மொழிபெயர்க்கலாம்.

துணிக்கு அது வேண்டாம். நம் வீட்டுக் கொடியில் காய்கிற வேட்டியை, வெளியே நின்று பார்க்கிறவரின் சொல்லால் நாமே ஏன் அழைக்க வேண்டும்? கல்லூரியில் 'எத்னிக் டே' அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கப்போகும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 'வேட்டி சேலை நாள்' என்று எழுதிக்கொடுங்கள்.