ஏற்காடு போகிறவர்கள் இறங்காமல் போகிற அடிவாரம்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சேலத்தில், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் நிற்கிறேன். பின்னால் வரிசையாகப் போகிற வண்டிகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் மலைக்குத்தான். அடிவாரம் வந்ததும் 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் காபி, ஏரியில் படகு. நல்ல இடம்தான், போய் வரட்டும். இன்றைக்கு நான் மேலே ஏறப் போவதில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கன்னங்குறிச்சி என்று மலையின் காலடியில் கிடக்கிற இந்தப் பகுதியைத்தான் காட்டப் போகிறேன். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அந்த மலை இல்லை என்றால் இந்த ஊரே இல்லை.

சேலம் என்ற பெயரே மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். எங்கே நின்று திரும்பினாலும் ஒரு மலை தெரிகிற ஊர் இது. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை.

சரி, இப்போது கன்னங்குறிச்சிக்கு வந்துவிட்டேன். இதுதான் மூக்கனேரி. சேர்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் ஓடைகளில் தண்ணீர் இறங்கி முதலில் புது ஏரி நிரம்பும். அது வழிந்தால்தான் மூக்கனேரிக்குத் தண்ணீர். சின்ன வயதில் மழை விட்டதும் "புது ஏரி ரொம்பிடுச்சா?" என்பதுதான் தெருவில் முதல் கேள்வி. ஏரி நடுவே தெரிகிற திட்டுகள் இயற்கையாக வந்தவை அல்ல. குப்பையும் கழிவுமாகக் கிடந்த ஏரியை ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரியபோது, அள்ளிய மண்ணைக் கொட்டி மரம் வைத்த இடங்கள். இப்போது நீர்க்காகங்களும் கொக்குகளும் அதில் அடைகின்றன. ஊருக்கு நடுவே ஓடுகிற திருமணிமுத்தாறும் இதே மலையில் பிறந்ததுதான். அதன் இன்றைய நிறத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மலையிலிருந்து தெளிவாக வருகிற தண்ணீரைச் சாக்கடையாக மாற்றுவது நாம்தான், மக்களே.

மாமாங்கம் பக்கம் போனால் வெள்ளையாகத் தெரியும் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு மலை என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அது சுண்ணாம்பு இல்லை, மாக்னசைட் என்ற கனிமம். கறுத்த பாறைக்குள் வெள்ளை நரம்பு ஓடியதுபோல இருக்கும். அதைச் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1792-இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டவர். அப்புறம் 1866-இல் சேலம் நகராட்சி ஆனது. 1917-இலிருந்து இரண்டு வருடம் அதற்குத் தலைவராக இருந்தவர் ராஜாஜி.

இனி நான் உங்களை முக்கியமாகக் கூட்டிவர நினைத்த இடம். ரோட்டோரம் தனியாக நிற்கிற இந்த வளைவைப் பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில். இங்கிருந்து பார்த்தால் வளைவும் அதற்குப் பின்னால் மலையும் ஒன்றாகத் தெரியும். உள்ளே இப்போது வீடுகள்தான். ஒரு காலத்தில் இதற்குள் தென்னிந்திய சினிமாவே நடமாடியது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்துவந்த டி.ஆர்.சுந்தரம், 1930-களில் இந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாதச் சம்பளம். நூறு படங்களுக்கு மேல் இங்கிருந்து வெளியே போயின. 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' உருவானதும் இங்கேதான். கேரளத்துக்காரர்கள் தங்கள் பேசும் சினிமாவின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் சேலத்து அடிவாரத்தில்தான் தொடங்க வேண்டும். எனக்கு இதில் ரொம்பப் பெருமை.

எங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, இதற்குள் தச்சு வேலை பார்த்தவர். ஒரு வாரம் அரண்மனைத் தூண், அடுத்த வாரம் அதையே பிரித்துச் சிறைச்சாலைக் கதவு. செட்டைக் கலைத்த பிறகு மிஞ்சிய பலகையைக் கேட்டு வாங்கி வந்து அவர் செய்த மணைப்பலகை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்துதான் முறுக்கு பிழிவார். கேமராவில் காட்டுகிறேன், அடியில் பாருங்கள், நீல வண்ணம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. எந்தப் படத்து வானமோ!

அடுத்த முறை ஏற்காடு போகும்போது இந்த வளைவுக்கு முன்னால் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். திரும்பி வரும்போது மாலையில் மூக்கனேரிக் கரையில் சட்னியும் காய்கறியும் வைத்த ஒரு தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டுப் பறவைகள் அடைவதைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்திருந்தால், லைட் பிடித்தவரோ, சமையல் செய்தவரோ, யாராக இருந்தாலும் சரி, அவர்கள் சொன்ன கதையைக் கீழே எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வீடியோவை அதை வைத்தே எடுக்கிறேன்.