குடியை விட்டவரை வேலையை விட்டு எடுக்கலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது

வணக்கம். அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஒருவருக்கு முன்பு போதைப்பொருள் பழக்கம் இருந்தது, சிகிச்சை எடுத்து மீண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கதை தெரிந்ததும் கம்பெனி அவரை வெளியே அனுப்பலாமா? கூடாது. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், சுருக்கமாக ஏடிஏ, அதைத் தடுக்கிறது. 15 பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘இப்போது’ என்றால் நேற்று ராத்திரி என்று நினைத்துவிடாதீர்கள், சில வாரங்களுக்கு முன்னால் எடுத்ததையும் கோர்ட்டுகள் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கின்றன. அதனால் டெஸ்டில் மாட்டிய மறுநாள் ஓடிப்போய் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்துவிட்டு, நான் திருந்திவிட்டேன் என்றால் எடுபடாது. மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் ஏடிஏ கணக்கில் அது சட்டவிரோதம்தான்.

[திரையில்: நேர்முகத் தேர்வு]

குடி விஷயம் வேறு. குடிநோய் இன்னும் விடாதவருக்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் போதையில் ஷிஃப்டுக்கு வந்தால் மற்றவர்களுக்கு என்ன நடவடிக்கையோ அதேதான் அவருக்கும். இன்டர்வியூவில் ‘குடிப்பீர்களா?’ என்று கேட்கலாம், ‘எவ்வளவு குடிப்பீர்கள்?’ என்று கேட்கக் கூடாது. வேடிக்கையாக இருக்கிறதல்லவா? அளவைக் கேட்டால் நோயைத் துருவுவது ஆகிவிடுமாம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் மெத்தடோன், பூப்ரனார்ஃபின் போன்ற மருந்துகளை டாக்டர் சீட்டோடு எடுப்பவர்களை அந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது. அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்றாலோ, வேறு மத்திய விதி குறுக்கே நின்றாலோதான் விலக்கு.

சரி, ஒரு வழக்கு. 25 வருஷம் வேலை செய்த ஒருவர் 1991-ல் கொக்கெய்ன் டெஸ்டில் சிக்கி, நீக்குவதற்கு முன்னால் ராஜினாமா செய்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, பாதிரியார் கடிதமும் மறுவாழ்வு ஆலோசகர் கடிதமும் இணைத்து அதே இடத்துக்கு விண்ணப்பித்தார். ‘விதிமீறலால் போனவரைத் திரும்ப எடுப்பதில்லை’ என்று கைவிரித்தது அந்தக் கம்பெனி, பின்னால் ரேதியான் வாங்கிய ஹியூஸ். 2003-ல் சுப்ரீம் கோர்ட், எல்லோருக்கும் பொதுவான அந்த விதியைப் பாரபட்சமில்லாத காரணமாக ஏற்றுக்கொண்டது. எனக்கு இது உறுத்துகிறது. மீண்டு வந்தவர்களுக்குத்தானே அந்தக் கதவு அடைபடுகிறது?

ஆகவே மாட்டுவதற்கு முன்பே லீவு கேளுங்கள். 50 பேருக்குக் குறையாத கம்பெனியில் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருந்தால், குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் என்ற வேறொரு சட்டப்படி சிகிச்சைக்காக வருஷத்துக்கு 12 வாரம் சம்பளமில்லா லீவு எடுக்கலாம், வேலை பத்திரமாக இருக்கும். குடித்துவிட்டு வராமல் போன நாள் அதில் சேராது.

அப்படியும் அநியாயம் நடந்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், பல மாநிலங்களில் 300 நாள். ஹெச்ஆரோடு உள்ளுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று காத்திருந்தாலும் அந்த நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.