பீகாரில் தெரிந்தது மெட்ராஸில் மறந்துபோனதா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 1876-78ல் மெட்ராஸ் மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரணத்தைக் கவனிக்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நடந்துகொண்ட விதத்துக்குக் காரணம் மேலிடத்து உத்தரவா, சொந்தப் பதவி ஆசையா என்பது இன்றைய தலைப்பு. பதவி ஆசைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். வைஸ்ராய் லிட்டன் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார், டெம்பிள் குறைத்தார், கீழே இருக்கிற அதிகாரி வேறென்ன செய்ய முடியும் என்று கேட்டார். விஷயம் தெரியாத ஓர் அதிகாரியைப் பற்றி இப்படிக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். டெம்பிள் விஷயம் தெரியாதவர் இல்லை. அன்றைய இந்தியாவில் பஞ்சத்தை எப்படித் தடுப்பது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றே சொல்வேன்.

1873-74ல் பீகாரிலும் வங்காளத்திலும் மழை பொய்த்தது. நிவாரணப் பொறுப்பு டெம்பிளிடம் வந்தது. பர்மாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் டன் அரிசியைத் தருவித்தார். வேலை செய்யத் தெம்பு இருந்தவர்களுக்கு வேலை கொடுத்தார், தெம்பு இல்லாதவர்களுக்குச் சும்மாவே தானியம் கொடுத்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. இதை எங்கள் அணி மனதாரப் பாராட்டுகிறது. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? 1876ல் பேரனெட் என்ற பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டம் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே, கஜானாவைக் காலி செய்தவர் என்ற கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது. இத்தனை உயிரைக் காப்பாற்ற இத்தனை பணமா என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் திட்டின. 1847ல் இந்தியா வந்து, மத்திய மாகாணத் தலைமை கமிஷனர், ஹைதராபாத் நிஜாம் அரசவையில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்ட், வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினர், வங்காள லெப்டினன்ட் கவர்னர் என்று படிப்படியாக ஏறியவருக்கு அந்தப் பெயர் எவ்வளவு உறுத்தியிருக்கும்!

இந்த நிலையில்தான் 1877 ஜனவரியில் லிட்டன் அவரை மெட்ராஸுக்கு அனுப்புகிறார். அதே மாதம் முதல் தேதி டெல்லி தர்பாரில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்திருந்தார்கள். இங்கே பெல்லாரியிலும் கர்னூலிலும் சேலத்திலும் ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

வந்த டெம்பிள் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு) என்று வைத்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் 450 கிராம். ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் வந்தவன், நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டிக் கூடை சுமந்துவிட்டு வாங்கிய கூலி அது. பருப்பு, காய், எண்ணெய், உப்பு, விறகு எதுவானாலும் பஞ்ச விலையில் அந்த ஓர் அணாவுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு, நிவாரணப் பட்டியலிலிருந்து ஏராளமான பேரை நீக்கவும் செய்தார்.

அது ஒரு சோதனை முயற்சிதானே, பலனைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே சொன்னார் என்று எதிரணியில் அடுத்து பேசுகிறவர் கேட்கக்கூடும். சோதனைதான். ஆனால் யார் உடம்பில் சோதனை? மூன்று வருஷத்துக்கு முன்னால் பீகாரில் முடிவு தெரிந்துபோன ஒன்றை, பட்டினி கிடப்பவன் வயிற்றில் திரும்பவும் எதற்குச் சோதிக்க வேண்டும்?

சரி, உத்தரவுக்கு வருவோம். அப்போது மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான், அதே அரசாங்கத்தின் சம்பளக்காரர்தான். ஒரு பவுண்டில் உழைக்கிற மனிதன் பிழைக்க மாட்டான், குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்திலேயே எதிர்த்தார். பதவியில் டெம்பிளைவிட எவ்வளவோ கீழே இருந்தவருக்கு அந்தத் துணிச்சல் வந்ததே! உத்தரவு என்பது வாயைத் திறக்க முடியாத அளவுக்குக் கடுமையானது என்றால், கார்னிஷால் எப்படிப் பேச முடிந்தது?

பேசியதோடு நிற்கவில்லை, பலனும் கிடைத்தது. மார்ச் மாதம் மெட்ராஸ் அரசாங்கம் ஒன்றேகால் பவுண்டு தானியமாகக் கூட்டி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் சேர்த்தது. கார்னிஷ் கேட்டதில் பாதி தூரம்தான், அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் லிட்டன் வைஸ்ராயாக இருக்கும்போதே கூலியைக் கூட்ட முடிந்தது. டெம்பிளுக்கு மட்டும்தான் முடியவில்லை.

அவர் மனசுக்குள் நான் புகுந்து பார்க்க முடியாது. அவர் போன பாதையைப் பார்க்கிறேன். தாராளமாகச் செலவழித்தபோது கண்டனம் வந்தது. கையை இறுக்கிய பிறகு பதவி வந்தது: 1877லேயே, இங்கே பஞ்சம் இன்னும் முற்றிக்கொண்டிருக்கும்போதே, அவர் பம்பாய் கவர்னராகப் பொறுப்பேற்றார். அப்புறம் இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1876-78 பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி வைக்கிறேன், அடுத்து வருகிறவர் பதில் சொல்லட்டும். பீகார் அனுபவத்தைச் சொல்லி, ஒரு பவுண்டு போதாது என்று டெம்பிள் லிட்டனுக்கு எழுதிய ஒரு கடிதத்தைக் காட்டுங்கள். காட்டினால் தலைப்பை உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு உட்காருகிறேன்.